ஒரு படி குடுங்க சாமி!

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. நீளமும் ஜாஸ்தி. வீட்டில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களும், வைத்திருப்பவரைத் தெரிந்தவர்களும் கட்டாயம் படிக்கவும். மத்தவங்க ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்தா படிக்கலாம் :-)

"தம்பி, இந்தத் தட்டு உலகத்திலேயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. காப்பி எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் என்கிட்ட இருக்கறதுக்கு என்ன மரியாதை?"

போன மாசம் ஒரு இசைத்தட்டு சேகரிப்பாளர் போனில் சொன்னது இது. பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நல்ல மனுஷன்தான். காபி ராகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், சந்தோஷமாகக் கேட்டேன். அவர் ஒருத்தர் மட்டும் இப்படிச் சொல்லியிருந்தால் பதிவு போடுகிற அளவுக்குப் போயிருக்க மாட்டேன். ரெண்டு வருஷத்தில் மூன்று பேரிடம் இதே பதிலை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் வாங்கியாச்சு. சங்கம் வைத்துப் பேசி முடிவெடுத்த மாதிரி.

நான் கேட்டது சேலம் கோதாவரி பாடின ஒரு தட்டு. யாருப்பா அது என்கிறவர்களுக்குச் சின்ன முன்கதை. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அடுத்த சில வருஷங்களில் கிராமபோன் கம்பெனி ஆட்கள் தெற்கே வந்தார்கள். பெரிய வித்வான்கள் பலர் அந்தத் தகரக் கொம்புக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்கினார்கள். தயங்காமல் பாடியது பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், நம்ம சேலம் கோதாவரி. நம்ம என்று உரிமையோடு சொல்லலாம். 1997-ல் நாமக்கல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் கொல்லிமலையும் சேலம் ஜில்லாதான்.

இந்தப் பெண்களின் சங்கீதத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் பொட்டோடு சேர்த்து அந்தப் பாட்டையும் கமுக்கமாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். பேத்திகள் பாட்டி பேரைச் சொல்லவே கூச்சப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆக அந்தக் குரல்களுக்குச் சாட்சி என்று மிச்சம் இருப்பது அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்தின அந்தக் கறுப்புத் தட்டுகள்தான். பக்கத்துக்கு மூணு நிமிஷம், மூணரை நிமிஷம். கீழே விழுந்தால் அப்பளம். அதைத்தான் ஒருத்தர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, 'மரியாதை' என்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, நான் உட்கார்ந்து பொட்டி தட்டுகிற ஊர் அப்படி. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, வருஷா வருஷம் ஆடியில் விழா எடுக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக அடித்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைச் சொல்லும் புறநானூற்று 152-ஆம் பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வன்பரணர் காட்டுகிற காட்சியில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவே இருக்கிறது. முழவைத் தயார் பண்ணு, யாழைச் சுருதி சேர், தூம்பை ஊது, எல்லரியையும் ஆகுளியையும் தட்டு, பதலையை மெதுவா அடி என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக உத்தரவு. அடுத்த பாட்டில் ஓரி கொடுத்ததைத் தின்று தீர்த்த பாணர் கூட்டம் ஆடவும் பாடவும் மறந்தே போகிறது. எல்லாம் எங்க மலையில். ஆனால் அவர்கள் வாசித்ததில் ஒரு துளி சத்தம் இன்று யார் காதுக்காவது தெரியுமா? சொல் மிச்சம், சுரம் காலி.

இன்னும் கிட்டத்தில் வருவோம். கொல்லி என்பது மலைக்கு மட்டும் பேர் இல்லை, தேவாரப் பண் ஒன்றுக்கும் அதே பேர். அப்பர் பாடின முதல் பதிகமே கொல்லிப் பண்தான். இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள், கேட்க அருமையாகவே இருக்கிறது. ஆனால் அப்பர் காலத்துக் கொல்லியும் இந்த நவரோஜும் ஒன்றுதானா என்று சரிபார்க்க ஒப்பிட்டுப் பார்க்கும் பிரதி ஒன்று வேண்டுமே, அது கிடையாது. எங்க மலையின் பேரைச் சுமக்கிற பண்ணின் அசல் ஒலி எங்களுக்கே தெரியாது.

தேவாரம் கிடைத்த கதையும் நீங்கள் அறிந்ததே. திருமுறை கண்ட புராணம் சொல்கிறது: சுவடிகள் தில்லையில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன. பாடின மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். ராஜராஜன் மூவர் சிலைகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். திறந்து பார்த்தால் புற்று. கறையான் தின்றது போக மிச்சத்தை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். அத்தோடு முடியவில்லை. சொல் கிடைத்தது, இசை இல்லை. அதற்கு எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அவர்தான் பண் முறையைச் சொன்னார் என்பது கதை. வரலாறாக எவ்வளவு தேறும் என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பூட்டுதான். பூட்டியவர்கள் ஏட்டை வெறுத்தவர்கள் இல்லை, கொண்டாடியவர்கள். கொண்டாடியதால்தான் பூட்டினார்கள். நம்ம பீரோ பார்ட்டிகளும் அப்படியே.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? இங்கேதான் அமெரிக்கா வரை ஒரு நடை போக வேண்டியிருக்கிறது. 'ஆரம்பிச்சுட்டான்யா' என்று யாரும் விண்டோவை மூட வேண்டாம், சீக்கிரம் திரும்பிடலாம்.

தானாக வாசிக்கும் பியானோ என்று ஒன்று இருந்தது. காலால் மிதித்தால் உள்ளே துருத்தி வேலை செய்யும். ஓட்டை போட்ட நீளமான காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் ஊர்ந்து போகும். பட்டையிலும் வரிசையாக ஓட்டைகள், கட்டைக்கு ஒன்று. காகிதத்தின் ஓட்டை பட்டையின் ஓட்டைக்கு நேராக வரும்போது காற்று உள்ளே போகும், வால்வு திறக்கும், அந்தக் கட்டையின் சுத்தியல் கம்பியில் அடிக்கும். (எங்க ஊர் கொல்லிப்பாவையும் இந்த ஜாதிதான். அசையும், சிரிக்கும், சிரிச்சே ஆளைக் கொல்லும் என்பார்கள். பியானோ கொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்.) அந்தச் சுருளுக்குப் பேர் ரோல். பொட்டி தட்டுகிறவர்களுக்கு ஒரே வரியில் புரியும்: ஓட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

ராக்டைம் என்கிற இசை அந்த ரோல்களில் ஓஹோ என்று ஓடியது. கறுப்பின பியானோக்காரர்கள் சாராயக் கடையிலும் விலைமாதர் விடுதியிலும் வாசித்து வளர்த்தது. கௌரவமான வீடுகளில் மூக்கைச் சுளித்தார்கள், ஆனால் ரோலை மட்டும் வாங்கிப் போட்டுக் காலால் மிதித்தார்கள். நம்மூரில் தாசி வீட்டுப் பாட்டுக்கு நடந்த அதே கதை, ஊரும் நிறமும்தான் வேற. ராக்டைமின் ராஜா ஸ்காட் ஜோப்ளின் 1917-ல் இறந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவுத் தட்டு ஒன்றுகூடக் கிடையாது. சாவதற்கு முந்தின வருஷம் சில ரோல்களுக்கு வாசித்துக் கொடுத்தார், மிச்சம் அவ்வளவுதான். இன்னொரு சங்கதி கேளுங்க. 'சில்வர் ஸ்வான் ராக்' என்று ஒரு உருப்படி. ஜோப்ளின் காலத்தில் அது சுரத்தாளாக அச்சேறவே இல்லை. 1970-ல் ஒரு பழைய ரோல் கிடைத்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. கேட்டுச் சுரப்படுத்தி, ஜோப்ளினுடையது என்று அச்சிட்டார்கள். கண்டெடுத்தவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் அந்தப் பாட்டு இரண்டாம் தடவை செத்திருக்கும்.

ரோல் சேகரிப்பவர்கள் மத்தியில் 'ரீகட்' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தரிடம் அபூர்வமான ரோல் இருந்தால் அதை மெஷினுக்குக் கடன் கொடுப்பார். பழைய காகிதத்தின் ஓட்டைகளைப் படித்து, புதுக் காகிதத்தில் அதே இடத்தில் அதே அளவில் ஓட்டை போடுவார்கள். பத்து இருபது பேர் சேர்ந்து செலவைப் பங்கு போட்டு ஆளுக்கொரு ரோல் வாங்கிக்கொள்வார்கள். அசல் சொந்தக்காரருக்கே பத்திரமாகத் திரும்பிவிடும். நூறு வருஷத்துக் காகிதம் ஓரம் உதிர்ந்து பொடியாகிக்கொண்டிருந்தாலும் பாட்டு இருபது வீட்டில் இருக்கும். இப்போது கேமரா ஸ்கேனர் வந்து வேலை இன்னும் சுலபம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2014-ல் ஒரு பெரிய தனியார் ரோல் சேகரிப்பை வாங்கி ஸ்கேன் செய்ய ஆரம்பித்தது. அங்கேயும் கஞ்சர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கொடுப்பது பெருமை என்கிற பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. இங்கே மறைப்பது பெருமை.

"ரோல் வேற, தட்டு வேறப்பா" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். ஆமாம், வேறதான். ரோலில் ஓட்டையை எண்ணினால் போதும், படி அசலைப் போலவே இருக்கும். தட்டு அப்படி இல்லை, பள்ளத்தில் ஊசி உரச உரசத் தேயும். அந்தக் காலத்து இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றச் சொன்னதே அதனால்தான். அப்போ தட்டுக்காரர்கள் ரோல்காரர்களைவிட இன்னும் அவசரமாக அல்லவா படியெடுக்க வேண்டும்? நீங்கள் நண்பர்களைக் கூப்பிட்டு வைத்து, பழைய பெட்டியில் இரும்பு ஊசியோடு ஓட்டிக் காட்டுகிற ஒவ்வொரு தடவையும் கோதாவரி கொஞ்சம் அழிகிறார் சார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி. படியெடுக்கிறேன் பேர்வழி என்று பாட்டைக் குதறுகிறவர்கள். அவர்களையும் சும்மா விடுவதாக இல்லை.

முதல் பாவம், வேகம். 78 என்று பேர் வைத்துவிட்டதால் எல்லாத் தட்டும் 78-ல் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஆரம்ப காலத் தட்டுகள் எழுபது சுற்றிலிருந்து எண்பதுக்கு மேல் வரை இஷ்டத்துக்குப் பதிவானவை. 72-ல் பதிந்த தட்டை 78-ல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டைக்கு மேலேயே ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடவே ஓடும். அதைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாம் எலி மாதிரி கத்தியிருக்காங்க" என்று ஒரு கிண்டல். அவர்கள் உச்சஸ்தாயியில் பாடியது நிஜம். ஆனா எலியாக்கினது உங்க டர்ன்டேபிள். ரோல்காரர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு, ஆனால் அவர்களின் ரோல் தலையிலேயே வேகம் அச்சிட்டிருக்கும். 70 என்றால் நிமிஷத்துக்கு 7 அடி. நம் தட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. காதையும் சுருதிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு யாராவது பொறுமையாக உட்கார வேண்டும்.

இரண்டாவது பாவம், சலவை. இரைச்சலை நீக்குகிறேன் என்று சாப்ட்வேரில் போட்டு அலசுவது. 1925-க்கு முன்னால் மைக்கே கிடையாது. கொம்புக்குள் பாடி, அந்தக் காற்றின் அதிர்விலேயே ஊசி மெழுகைக் கீறியது. அதில் மேல் ஸ்தாயியில் தப்பித்த கொஞ்ச நஞ்ச கமகமும் இரைச்சலும் பின்னிப் பிணைந்து கிடக்கும். இரைச்சலை உருவினால் கமகமும் சேர்ந்து வரும். மிஞ்சுவது தண்ணிக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஒரு குரல். அலசத்தான் வேண்டும் என்றால் அலசிக்கொள்ளுங்கள், ஆனால் அலசாத கோப்பை முதலில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு.

மூன்றாவது, கத்தரி. பாடி முடித்ததும் பாடகியே தன் பேரைச் சொல்லி முடிப்பது அந்தக் காலத்து வழக்கம். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் சொன்னது உலகப் பிரசித்தம். தெற்கத்தித் தட்டுகள் சிலவற்றிலும் இப்படிக் கடைசியில் பேச்சு வரும். நம்ம ஆள் 'பாட்டு முடிஞ்சிருச்சே' என்று அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் சேனல் பேரைக் குரலில் ஒட்டுகிறார். நூறு வருஷம் முன்னால் ஒரு பெண் தன் பேரைத் தன் வாயால் சொன்ன இரண்டு விநாடிங்க அது! லேபிளைப் போட்டோ எடுப்பதில்லை, தட்டின் உள்வட்டத்தில் கீறியிருக்கும் எண்ணைக் குறிப்பதில்லை. அந்த எண் இருந்தால்தான் எந்தச் சுற்றில், எந்த வருஷம் பதிந்தது என்று கம்பெனிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அப்புறம் ஒரு நாள் சேனலே காணாமல் போகும். 'எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே' என்பவர்களுக்கு இது சமர்ப்பணம்.

பூட்டுகிறவர், குதறுகிறவர் இருவருக்கும் வியாதி ஒன்றுதான். பாட்டைவிடத் தன் பேர் பெரிசு.

சேகரிப்பாளர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே வெயிலில் அலைந்து, சொந்தக் காசில் தட்டு வாங்கி, வீட்டில் திட்டு வாங்கிக் காப்பாற்றிய தலைமுறை அது. அவர்கள் இல்லாவிட்டால் இன்று சண்டை போடக்கூட ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஐயா, உங்களுக்கு அப்புறம்? பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டைக் காலி பண்ணுகிற அன்றைக்குப் பழைய பேப்பர்காரர் எடைக்குக்கூட எடுக்க மாட்டார். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது காபி கடைச் சுவரில் 'ரெட்ரோ' அலங்காரமாக நடு ஓட்டையில் ஆணி அடித்துத் தொங்கும்.

'படி கொடுத்தால் மதிப்புப் போகும்' என்பதும் சுத்தப் பொய். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜ் 1912 வாக்கில் கோயமுத்தூர் தாயியின் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குரலின் வளைவுகளைச் செல்லோவிலும் வாய்ப்பாட்டிலும் கொண்டுவரப் பாடுபட்டு நான்கு இந்தியக் கவிதைகளுக்கு இசை அமைத்தார். 1914-ல் பாரிஸில் அது அரங்கேறியது. தாயியின் பேர் இன்றைக்கும் மேற்கத்திய இசை நூல்களில் வருகிறதென்றால், தட்டு ஊர் ஊராகப் போனதால். அச்சடித்த தட்டே படிதானே. ஆயிரம் படிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு அசல் என்று கொண்டாடுவது தமாஷ்.

மலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று சாமையிலேயே பல ரகம் உண்டு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேலே ஏறி வந்து சாமைக் காட்டை விழுங்கியது. தொண்ணூறுகளில் இருந்து சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையாளி விவசாயிகளோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகள் வைத்தார்கள். கணக்கு எளிது. விதை வாங்கிப் போய் விதை, அறுத்ததும் வாங்கியதற்கு மேல் திருப்பிக் கொடு. தொம்பையில் கிடக்கும் விதைக்கு வருஷங்கள்தான் ஆயுசு. பக்கத்துக் காட்டுக்காரனுக்கு ஒரு படி கொடுத்து வைத்தால், நம் காடு காய்ந்த வருஷம் அங்கே போய் வாங்கிக்கலாம் என்று எதிர்வீட்டுப் பாட்டி சொல்லும். அளக்கிற படிக்கும் எடுக்கிற படிக்கும் தமிழில் ஒரே சொல். (1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பியானோ ரோலை மனுஷன் கண்ணால் படிக்க முடியாது, அதனால் அது பாட்டின் 'படி' ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. 1909-ல் சட்டத்தையே மாற்ற வேண்டியதாப் போச்சு. எதிர்வீட்டுப் பாட்டியைக் கேட்டிருக்கலாம்.)

காப்புரிமை என்று பூச்சாண்டி காட்டுபவர்களுக்கு: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். கோதாவரி காலத்துத் தட்டு எல்லாம் எப்பவோ பொதுச் சொத்து. பாட்டை எழுதினவருக்குத் தனிக் கணக்கு உண்டு, ஆனால் 1847-ல் சமாதியான தியாகராஜர் கேஸ் போட வரமாட்டார். பாரதி பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியாரே அதை 1949-ல் அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். முழு உரிமை இருந்தவர் கொடுத்தார். உரிமையே இல்லாதவர், சாவி மட்டும் வைத்திருப்பவர், கொடுக்க மாட்டேன் என்கிறார்.

கொடுக்க இடமும் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம். விக்ரம் சம்பத் தொடங்கிய ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக். பம்பாயின் 'யங் இந்தியா' லேபிள் தட்டுகளைச் சேகரிப்பாளர்களே முன்னின்று, பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் தங்கள் தட்டுகளை இழந்துவிடவில்லை.

இவர்கள் யாரையும் நம்பவில்லை என்றால், கடைசியாக என் பக்கத்திலிருந்து. என்னிடம் வேகம் மாற்றக்கூடிய டர்ன்டேபிள் ஒன்று இருக்கிறது. 78 தட்டின் அகலமான பள்ளத்துக்கு ஏற்ற ஊசிகள் மூன்று அளவில் இருக்கின்றன. நீங்கள் தட்டை அனுப்ப வேண்டாம், எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நானே வருகிறேன். உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டம். அலசாத கோப்பு உங்களுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. லேபிள் போட்டோவும் உள்வட்ட எண்ணும் கூடவே போகும். சேகரித்தவர் என்று உங்கள் பேர் முதலில் வரும், என் பேர் வேண்டாம். தட்டைத் தொட்டு எடுப்பதும் வைப்பதும் நீங்களே. சனி ஞாயிறு என்றால் லீவு போட வேண்டாம், வசதி. காபி கொடுத்தால் குடிப்பேன்.